பழைய இன்ஜினுக்கு என்ன ஆயில்? ‘கொஞ்சம் திக்கா ஊத்துங்க’ எப்போது சரி, எப்போது தப்பு?

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு ஸ்பேர்ஸ் கடையில் போய் “இன்ஜின் ஆயில் வேணும்ணா” என்று நின்றால், பெரும்பாலும் ஒரே ஒரு கேள்விதான் வரும்: “என்ன வண்டி?” ஸ்ப்ளெண்டர் என்றாலும் சரி, பழைய பேஷன் என்றாலும் சரி, ஒரு 20-40 டப்பா கவுன்டருக்கு வந்துவிடும். வண்டிக்கு வயசு 15-க்கு மேல் என்று தெரிந்தால் கூடவே இலவச ஆலோசனையும் வரும்: “20-50 போடுங்க தம்பி, கொஞ்சம் திக்கா இருக்கும். சத்தம் குறையும்.”

இந்த ஆலோசனை முழுக்கத் தப்பும் இல்லை, முழுக்கச் சரியும் இல்லை. சில இன்ஜின்களுக்கு அதுதான் மருந்து. சில இன்ஜின்களுக்கு அது நோயை மூடி மறைக்கிற பவுடர். எது எதற்கு என்று தெரியாமல் ஊற்றினால், 500 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் போரிங், பிஸ்டன், ரிங் செட் என்று பெரிய பில்லில் முடியும்.

பழைய வண்டியைக் காப்பாற்ற வேண்டிய அவசரமும் இப்போது கூடியிருக்கிறது. 20 ஆண்டுகளைத் தாண்டிய வண்டியின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் உயர்த்தியது. பைக்குக்கு 2,000 ரூபாய், காருக்கு 10,000 ரூபாய். அந்தப் பணத்தைக் கட்டி, எஃப்சி-க்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தும்போது சைலன்சரில் நீலப்புகை வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டப்பாவில் இருக்கும் நம்பர் என்ன சொல்கிறது?

20டபிள்யூ-40. இதில் ‘டபிள்யூ’ என்றால் வெயிட் இல்லை, விண்டர். அதாவது குளிர்காலம். முன்னால் இருக்கும் 20, குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கான அளவு. இந்த நம்பர் குறையக் குறைய, குளிரில் ஆயில் சீக்கிரம் ஓடும். பின்னால் இருக்கும் 40, இன்ஜின் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. இந்த அளவை வைத்தது எஸ்ஏஇ என்கிற அமெரிக்கப் பொறியாளர்கள் அமைப்பு. 100 டிகிரி செல்சியஸில் ஆயிலின் பாகுத்தன்மை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரைக்குள் இருந்தால் அது ‘40’. அதற்குக் கீழே 9.3 வரை ‘30’. மேலே 21.9 வரை ‘50’.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: 40 என்பது ஒரு புள்ளி இல்லை, ஒரு ரேஞ்ச். ஒரு கம்பெனியின் கெட்டியான 40-க்கும் இன்னொரு கம்பெனியின் நீர்த்த 50-க்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் 30-க்கும் 50-க்கும் இடையே இருக்கும் வித்தியாசத்தை இன்ஜின் நன்றாகவே உணரும்.

நம்ம ஊருக்கு முன்னால் இருக்கும் நம்பர் அவ்வளவு முக்கியமா? 20டபிள்யூ ஆயில் மைனஸ் 15 டிகிரியில் கூட இன்ஜினைச் சுற்ற விட வேண்டும் என்பது விதி. திண்டிவனத்தில் மார்கழி விடியற்காலையில் கூட 15 டிகிரிக்குக் கீழே போவதே அபூர்வம். அதனால் ‘காலையில் ஆயில் உறைந்துவிடும்’ என்ற பயம் இங்கே தேவையில்லை. கத்திரி வெயிலில், விக்கிரவாண்டி டோல்கேட்டில் கூட்டத்துக்கு நடுவே அரை மணி நேரம் ஐடிலில் நிற்கும் வண்டிக்கு, பின்னால் இருக்கும் நம்பர்தான் முக்கியம். இருந்தாலும் 5டபிள்யூ, 10டபிள்யூ ஆயில்கள் 28 டிகிரியிலும் 20டபிள்யூவைவிட வேகமாக மேலே ஏறி வால்வு பகுதியை நனைக்கும். இன்ஜின் தேய்மானத்தில் கணிசமான பங்கு ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில்தான் நடக்கிறது என்பதால், இது சின்ன விஷயமும் இல்லை.

சரி, பழைய இன்ஜினுக்குத் திக்கான ஆயில் வேணுமா, வேணாமா?

இன்ஜினுக்குள் இரும்பும் இரும்பும் நேராக உரசக் கூடாது. நடுவில் ஆயில் ஒரு மெல்லிய படலமாக நிற்க வேண்டும். புது இன்ஜினில் பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. அந்த இடைவெளிக்கு ஏற்ற ஆயிலைத்தான் கம்பெனி கையேட்டில் எழுதியிருக்கும். பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு அந்த இடைவெளி பெரிதாகும். மெக்கானிக் பாஷையில் ‘பிளே வந்துடுச்சு’. இப்போது அதே ஆயில் அந்த இடைவெளியில் நிற்காமல் வழிந்து ஓடிவிடும், பிரஷர் குறையும், டப் டப் என்று சத்தம் வரும். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் மேலே ஏறி பெட்ரோலோடு சேர்ந்து எரியும். இந்த நிலையில் கொஞ்சம் கெட்டியான ஆயில் உண்மையிலேயே உதவும்.

ஆனால் இதில் ‘தேய்ந்த’ என்பதுதான் முக்கியமான வார்த்தை. வயசு அல்ல. 2006-ல் வாங்கி வாரம் ஒருமுறை கோயிலுக்கு மட்டும் எடுத்துப்போன மாருதி 800-ம், அதே வருஷம் வாங்கி தினமும் விழுப்புரம் – புதுச்சேரி ஓடிய மாருதி 800-ம் ஒரே வயசுதான். முதல் காரின் இன்ஜின் இன்னும் இறுக்கமாக இருக்கலாம். அதில் தேவையில்லாமல் 20-50 ஊற்றினால், காலையில் ஆயில் மெதுவாக ஏறும், மைலேஜ் கொஞ்சம் அடிபடும், வேறு லாபம் எதுவும் இல்லை.

கெட்டியான ஆயில் ஊற்றினால் ஆயில் பிரஷர் லைட் அணைந்துவிடும், அதனால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. பிரஷர் என்பது வேறு, ஓட்டம் என்பது வேறு. ஒரு குழாயில் தண்ணீருக்குப் பதில் பாகை அழுத்தினால் பிரஷர் கூடும். ஆனால் கடைசி முனைக்குப் போய்ச் சேரும் அளவு குறையும்.

அதனால் புகை வருகிறது என்றால் முதலில் ஆயிலை மாற்றாதீர்கள், புகையைப் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு குபீர் நீலப்புகை, பிறகு சரியாகிவிடுகிறது என்றால் சந்தேகம் வால்வு சீல் மீது. ராத்திரி முழுக்க சொட்டுச் சொட்டாக இறங்கிய ஆயில் அது. வால்வு சீல் சின்ன ரப்பர் பாகம், பைக்கில் அதை மாற்ற அதிகச் செலவு ஆகாது. ஆக்சிலேட்டர் முறுக்கும்போதெல்லாம், மேடு ஏறும்போதெல்லாம் நீலப்புகை வருகிறது என்றால் அது ரிங், போர் பிரச்சினை. இங்கே கெட்டியான ஆயில் சில மாதங்கள் தள்ளிப்போட உதவும், அவ்வளவுதான். கரும்புகைக்கும் ஆயிலுக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இல்லை. அது பெட்ரோலோ டீசலோ அதிகமாகப் போகிற, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்த கதை. விடாமல் வெள்ளைப்புகை வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

கெட்டிப்படுத்த வேண்டும் என்று முடிவு செய்தாலும் ஒரு படி மட்டும் போதும். கையேட்டில் 10டபிள்யூ-30 என்றால் 10டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-40. கையேட்டில் 20டபிள்யூ-40 என்றால் 20டபிள்யூ-50. பழைய கார் கையேடுகள் பலவற்றில் வெளி வெப்பநிலைக்கு ஏற்ப இரண்டு மூன்று கிரேடுகளை ஒரு கட்டத்தில் போட்டிருப்பார்கள். அந்தக் கட்டத்துக்கு உள்ளேயே கெட்டியானதைத் தேர்ந்தெடுப்பதுதான் பாதுகாப்பு.

‘நைன்டி ஆயில் கலந்து ஊத்துங்க’ – இதை மட்டும் செய்யாதீங்க

பழைய டீசல் வண்டிகளை விற்கும் முன் சிலர் செய்கிற தந்திரம் இது. புகையும் சத்தமும் குறைய, இன்ஜின் ஆயிலோடு கொஞ்சம் 90 நம்பர் கியர் ஆயிலைக் கலப்பது. 90 என்பது 40-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி என்ற நம்பிக்கையில்தான் இது நடக்கிறது. உண்மையில் இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். கியர் ஆயிலுக்கான 90-ம், இன்ஜின் ஆயிலுக்கான 40, 50-ம் சூட்டில் ஏறத்தாழ ஒரே கெட்டித்தன்மைதான்!

கெட்டி கூடாதது மட்டும் இல்லை. கியர் ஆயிலில் பல்சக்கரங்களின் அழுத்தத்தைத் தாங்க கந்தகம் சார்ந்த ரசாயனங்கள் இருக்கும். இன்ஜினுக்குள் இருக்கும் செம்பு, வெண்கல புஷ்களுக்கு அவை ஆகாது. இன்ஜின் ஆயிலில் இருக்கும் அழுக்கு நீக்கும் டிடெர்ஜென்ட் அதில் கிடையாது. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குகிறீர்கள் என்றால், டிப் ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். கியர் ஆயிலின் கந்தக வாடை தனியாகத் தெரியும்.

பைக்கில் கார் ஆயில் ஊற்றினால் என்ன?

காரில் இன்ஜினுக்கு ஒரு ஆயில், கியர்பாக்ஸுக்கு ஒரு ஆயில். ஸ்ப்ளெண்டர் மாதிரி பைக்குகளில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. அதனால்தான் பைக் ஆயில் டப்பாவில் ‘ஜாஸோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜப்பானிய வாகனத் தர அமைப்பு கொடுத்த குறியீடு இது. ஈரக் கிளட்ச் வழுக்காமல் பிடிக்கும் என்பதற்கான உத்தரவாதம். மைலேஜ் கூட்டுவதற்காக வரும் சில மெல்லிய கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் ரசாயனம் இருக்கும். பைக்கில் ஊற்றினால் அது கிளட்ச் பிளேட்டையும் வழுக்க வைத்துவிடும். வண்டி ரேஸ் ஆகும், ஆனால் நகராது. ஸ்கூட்டிக்கு வேறு கதை. அதன் கிளட்ச் ஆயிலில் நனையாது, அதனால் அதற்கு ‘எம்பி’ என்ற குறியீடு.

பைக் ஆயில் சீக்கிரம் கெட்டுப்போவதற்கும் இதே அமைப்புதான் காரணம். 20டபிள்யூ-40 போன்ற மல்டிகிரேடு ஆயிலில், சூட்டிலும் கெட்டியாக நிற்க நீளமான பாலிமர் மூலக்கூறுகளைச் சேர்த்திருப்பார்கள். கியர் பற்கள் அந்த மூலக்கூறுகளை நறுக்கித் தள்ளும். 40 ஆக ஊற்றியது கொஞ்ச நாளில் 30-க்கு இறங்கிவிடும். “கியர் ஹார்டா விழுது, நியூட்ரல் கிடைக்க மாட்டேங்குது” என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

1994-ல் வந்த ஸ்ப்ளெண்டரின் 97.2 சிசி இன்ஜினில் காரில் இருப்பது போன்ற பேப்பர் ஆயில் ஃபில்டர் கிடையாது. ஒரு சல்லடையும், சுழற்சியில் அழுக்கை ஒதுக்கும் ஒரு அமைப்பும்தான். அதில் இருக்கும் ஆயிலும் ஒரு லிட்டருக்குள். இவ்வளவு கொஞ்சம் ஆயில், ஃபில்டரும் இல்லை, கிளட்ச் தூளும் அதிலேயே. அதனால் இந்த வண்டிகளில் எந்த பிராண்ட் என்பதைவிட எப்போது மாற்றுகிறீர்கள் என்பதுதான் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஹீரோ இப்போது தன் பெயரில் விற்கும் ஆயில் 10டபிள்யூ-30. புகை இல்லாத, சத்தம் இல்லாத ஸ்ப்ளெண்டருக்கு அதுவே போதும். 20-40 ஊற்றினாலும் குடி முழுகிப் போகாது.

டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்கள் தனி ரகம். ஆர்எக்ஸ் 100, பழைய டிவிஎஸ் எக்ஸ்எல், சேத்தக் எல்லாம் ஆயிலை எரிக்கவே பிறந்தவை. பெட்ரோலோடு சேர்ந்து ஆயிலும் எரிந்துவிடும், எனவே சாம்பல் குறைவாக விடும் ‘2டி’ ஆயில்தான் அதற்கு. ஃபோர் ஸ்ட்ரோக் ஆயிலைக் கலந்தால் அதில் இருக்கும் உலோக உப்புகள் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் படிந்து அடைத்துக்கொள்ளும். டப்பாவில் ஜாஸோ எஃப்பி, எஃப்சி, எஃப்டி என்று இருக்கும். எஃப்சி-யோ அதற்கு மேலோ என்றால் புகை குறைவு. ஆர்எக்ஸ் 100-ல் ஆயிலுக்குத் தனி டேங்க்கும் பம்ப்பும் உண்டு. எக்ஸ்எல் மாதிரி வண்டிகளில் நீங்களே கலக்க வேண்டும். பல வண்டிகளுக்கு லிட்டருக்கு 20 மில்லி. “இன்னும் கொஞ்சம் ஊத்து, இன்ஜின் கூலா இருக்கும்” என்று கை நிறைய ஊற்றினால் கிடைப்பது கரி பிடித்த சைலன்சர்தான்.

புல்லட், அம்பாசடர்: துத்தநாகம் விஷயம்

ஆயில் டப்பாவில் இன்னொரு குறியீடும் இருக்கும். அமெரிக்க பெட்ரோலியம் நிறுவனத்தின் ஏபிஐ தரம். பெட்ரோல் வண்டிக்கு எஸ் என்று தொடங்கும்: எஸ்எஃப், எஸ்ஜே, எஸ்எல், எஸ்என், எஸ்பி. டீசலுக்கு சி: சிஎஃப்-4, சிஎச்-4, சிஐ-4, சிகே-4. எழுத்து முன்னேற முன்னேறப் புதிய தரம். பழைய கையேட்டில் எஸ்எஃப் என்று போட்டிருந்தால் எஸ்எல், எஸ்என் ஊற்றலாம். பொதுவாகப் புதியது பழையதற்குப் பொருந்தும்.

பொதுவாக என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இரும்பு இரும்போடு அழுத்தி உரசும் இடங்களில் கடைசிக் காவலாக நிற்பது ‘ஜிங்க்’ என்று ஒர்க்‌ஷாப்களில் சொல்லப்படும் துத்தநாகம் – பாஸ்பரஸ் கலவை. ஆனால் இந்தப் பாஸ்பரஸ் எரிந்து சைலன்சர் பக்கம் போனால் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும். அதனால் 2004-ல் வந்த எஸ்எம் தரத்திலிருந்து 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 மாதிரி மெல்லிய ஆயில்களில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. புதிய இன்ஜின்களில் கேம் மீது உருளும் ரோலர்கள் இருப்பதால் அது போதும். இசுசு இன்ஜின் வருவதற்கு முந்தைய அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினிலும், திருவொற்றியூர் ஆலையில் தயாரான பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டிலும் ரோலர் கிடையாது. தட்டையான டேப்பட், கேம் மீது நேராகச் சறுக்கும். ஜிங்க் குறைந்தால் முதலில் தேய்வது அந்த இடம்தான்.

இதில் ஒரு நல்ல செய்தி. அந்தக் கட்டுப்பாடு மெல்லிய கிரேடுகளுக்கு மட்டும்தான். 20டபிள்யூ-50-க்கு இல்லை. அம்பாசடருக்கும் பழைய புல்லட்டுக்கும் அந்தக் கால மெக்கானிக் 20-50 சொன்னால், இந்த ஒரு விஷயத்தில் அவர் பக்கம்தான் ரசாயனமும் நிற்கிறது.

பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு நினைவூட்டல்: அதில் இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் செயின் கேஸ் மூன்றும் தனித்தனி அறைகள், மூன்றுக்கும் வேறு வேறு ஆயில். புதிய யுசிஇ இன்ஜின் புல்லட்டின் பழக்கத்தில் ஒரே ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு மற்ற இரண்டை மறந்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

ஒரே பேரல், எல்லா டீசலும்

கரும்பு ஏற்றி முண்டியம்பாக்கம் ஆலைக்குப் போகும் டிராக்டர், மரக்காணம் உப்பு ஏற்றும் லாரி, காய்கறி மூட்டையோடு கிளம்பும் டாடா ஏஸ், பழைய பொலேரோ. இந்தப் பக்கத்து சாலையோர ஒர்க்‌ஷாப்பில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பேரலில் இருந்து 15டபிள்யூ-40 பிடித்து ஊற்றுவது வழக்கம். பழைய இன்ஜின்களுக்கு இதில் பெரிய தப்பில்லை, பேரல் சிஎச்-4 அல்லது சிஐ-4 தரமாக இருக்கும் வரை. ஆனால் அதே பேரலை 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் வண்டிக்குத் திறந்தால்தான் சிக்கல். அந்த வண்டிகள் பலவற்றில் புகைத்தூளைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. பழைய தர ஆயில் எரிந்தால் விடும் சாம்பல் அதில் போய் அடைத்துக்கொள்ளும். வீட்டில் பழைய டிராக்டரும் புது எஸ்யூவியும் இருந்தால் இரண்டுக்கும் ஒரே டப்பா வாங்காதீர்கள்.

டீசல் வண்டிக்காரர்களின் நிரந்தரப் புகார்: “நேத்துதான் ஆயில் மாத்தினேன், இன்னைக்கே கறுத்துப் போச்சு. டூப்ளிகேட் ஆயிலா?” இல்லை. கறுப்பாவது ஆயில் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். டீசல் எரியும்போது வரும் புகைக்கரியை ஆயில் தன்னுள் தூளாகத் தாங்கி வைத்திருக்கிறது. எப்போது கெட்டது என்று தெரிந்துகொள்ள, சூடான இன்ஜினில் இருந்து டிப் ஸ்டிக்கால் ஒரு சொட்டை வெள்ளை ஃபில்டர் பேப்பரில் விட்டு, சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். கறை ஒரே சீராகப் பரவியிருந்தால் ஆயிலில் இன்னும் தெம்பு இருக்கிறது. நடுவில் தார் மாதிரி ஒரு கறுப்பு வட்டம் நின்று, அதைச் சுற்றி வெறும் எண்ணெய்ப் பசை மட்டும் பரவியிருந்தால் மாற்ற வேண்டிய நேரம்.

டிராக்டரில் கிலோமீட்டர் கணக்கு உதவாது. வயலில் நின்ற இடத்திலேயே ரோட்டவேட்டர் ஓட்டினாலும் இன்ஜின் உழைக்கிறது. அதனால் ஹவர் மீட்டரைப் பாருங்கள், பெரும்பாலான கையேடுகளில் 250 மணி நேரம். மழை இல்லாமல் மூன்று மாதம் சும்மா நின்றாலும், வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. கிணற்றடியில் இன்னும் உயிரோடு இருக்கும் பழைய ஆயில் இன்ஜின்களில் சிலவற்றில் ஆயில் பம்ப்பே கிடையாது. கனெக்டிங் ராடில் இருக்கும் கரண்டி போன்ற பாகம் ஆயிலை வாரி இறைக்கும். அதில் ரொம்பக் கெட்டியான ஆயில் ஊற்றினால் இறைக்க முடியாது. பிளேட்டில் எழுதியிருக்கும் 30 அல்லது 40 நம்பரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சிந்தெடிக் ஊற்றினால் லீக் ஆகுமா?

இது பாதி உண்மை, அதுவும் பழைய காலத்து உண்மை. ஆரம்பகால சிந்தெடிக் ஆயில்கள் ரப்பர் சீலைச் சுருங்க வைத்தன. இப்போதைய ஆயில்களில் அதைச் சரிக்கட்டும் பொருட்களும் சேர்க்கப்படுகின்றன. ஆனால் சீல் ஏற்கெனவே வெடித்து, அந்த வெடிப்பை இத்தனை வருஷ அழுக்கே அடைத்து வைத்திருந்தால், நன்றாகச் சுத்தம் செய்யும் புது ஆயில் அந்த அழுக்கைக் கரைத்து, இருந்த லீக்கை வெளியே காட்டும். ஆயில் லீக்கை உண்டாக்கவில்லை, மறைத்திருந்ததைத் திறந்துவிட்டது.

மினரல் ஆயில் என்பது கச்சா எண்ணெயில் இருந்து பிரித்த அடிப்படை எண்ணெயோடு ரசாயனங்களைச் சேர்ப்பது. மணலியில் இருக்கும் சிபிசிஎல், அதாவது பழைய மெட்ராஸ் ரிஃபைனரீஸ், அந்த அடிப்படை எண்ணெயைத் தயாரிக்கும் ஆலைகளில் ஒன்று. (இந்த வம்சத்தின் பாட்டி ஆமணக்கு. காஸ்ட்ரால் என்ற பெயரே 1909-ல் ஆமணக்கு எண்ணெயின் ஆங்கிலப் பெயரான ‘காஸ்டர்’ என்பதில் இருந்து வந்ததுதான். நம்ம ஊரில் மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்து ‘வண்டி மை’ போட்டதும் அதே தத்துவம்.) மாதம் 300 கிலோமீட்டர் ஓடும் பழைய காருக்கு, விலை கூடிய முழு சிந்தெடிக்கை வாங்கி இரண்டு வருஷம் ஓட்டுவதைவிட, மினரல் ஆயிலை வாங்கி நேரத்துக்கு மாற்றுவது நல்லது. தினமும் ஹைவேயில் சென்னைக்குப் போய் வரும் வண்டி என்றால் செமி சிந்தெடிக் செலவுக்கு ஈடு கொடுக்கும்.

மழைவெள்ளத்தில் நின்ற வண்டி

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை ஒட்டிய மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்த நாள்களில் தென்பெண்ணை வெள்ளம் அரசூர் பக்கம் நெடுஞ்சாலையில் ஏறி, சென்னை – திருச்சி போக்குவரத்தே நின்றது. வீட்டு வாசலில் நின்ற பைக், கார், டிராக்டர் எல்லாம் மூழ்கின. தண்ணீர் வடிந்தவுடன் பலரின் கை முதலில் போகும் இடம் சாவி. அங்கேதான் இன்ஜின் போகிறது.

சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீர் ஏறிய பிறகு ஸ்டார்ட் செய்து கெட்ட இன்ஜினுக்கு, ‘இன்ஜின் புரொடெக்ட்’ என்ற கூடுதல் கவர் எடுக்காவிட்டால் சாதாரண இன்சூரன்ஸ் பொதுவாகப் பணம் தராது. சாவியைத் தொடும் முன் டிப் ஸ்டிக்கை உருவுங்கள். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தாலோ, லெவல் மேலே ஏறியிருந்தாலோ தண்ணீர் கலந்திருக்கிறது. முழுக்க வடித்து, ஃபில்டரை மாற்றி, விலை குறைந்த மினரல் ஆயில் ஊற்றி, பிளக்கைக் கழற்றிக் கையால் கிக்கரை உதைத்து சிலிண்டரில் இருக்கும் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் ஸ்டார்ட். சில நிமிடம் ஓட்டி மறுபடி வடித்து, நிறம் தெளியும் வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். நல்ல ஆயில் அதற்கு அப்புறம்தான். காரும் டிராக்டரும் என்றால் இதை மெக்கானிக் கையில் விட்டுவிடுவது நல்லது. கியர்பாக்ஸ், கிரவுன் ஆயிலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வெள்ளம் வராமலேயே ஆயில் மூடியின் அடியில் மஞ்சள் கலந்த வெண்ணெய் மாதிரி படிந்தால், வண்டி தினமும் ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடுகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். இன்ஜின் முழுசாகச் சூடாகாததால் உள்ளே வியர்க்கும் தண்ணீர் ஆவியாவதில்லை. வாரம் ஒருமுறை திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே இருக்கும் 40 கிலோமீட்டரை ஒரே மூச்சில் ஓட்டினால் அது போய்விடும். அதற்குப் பிறகும் படிந்தால், கூடவே ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால், கேஸ்கெட் சந்தேகம்.

வாங்கும்போதும், வடிக்கும்போதும்

போலி ஆயில் தயாரிக்கும் பலர் புது டப்பா செய்வதில்லை. நீங்கள் தூக்கிப் போட்ட நல்ல பிராண்டின் காலி டப்பாவையே தேடி வாங்குகிறார்கள். அதனால் மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா, டப்பாவில் கீறல் இருக்கிறதா, பேட்ச் நம்பரும் தேதியும் அழித்து எழுதியதா என்று பாருங்கள். பல கம்பெனிகள் ஸ்கிராட்ச் கோட் அல்லது க்யூஆர் கோட் வைத்திருக்கின்றன. ஊற்றியதும் கடையிலேயே சுரண்டிப் பார்த்துவிடாமல், ஊற்றும் முன் பாருங்கள். உங்கள் கண் முன்னால் டப்பாவைத் திறக்கச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வடித்த கழிவு ஆயிலுக்கு இங்கே நிறைய வாடிக்கையாளர்கள் உண்டு. சென்ட்ரிங் பலகைக்குப் பூச, கரையான் வராமல் மரத்துக்குப் பூச, செயினுக்கு விட. கையில் பட்டால் அதில் இருக்கும் உலோகத் தூளும் எரிந்த எண்ணெயும் தோலுக்கு ஆகாது, சாக்கடையில் விட்டால் கிணற்றுக்கு ஆகாது. அபாயக் கழிவு விதிகளின் கீழ் வரும் பொருள் அது. 2024 ஏப்ரல் 1 முதல், ஆயில் தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் கழிவு ஆயிலைத் திரும்ப எடுத்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பில் ஒரு பங்கை ஏற்க வேண்டும் என்பது சட்டம். நீங்கள் வீட்டிலேயே ஆயில் மாற்றுபவர் என்றால், வடித்ததை ஒரு பழைய கேனில் பிடித்து, டிரம் வைத்துச் சேர்த்து விற்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம். காலி டப்பாவை மட்டும் அப்படியே கொடுக்காமல், அடியில் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டு, லேபிளையும் கிழித்துவிட்டுக் கொடுங்கள்.